பார்த்தவரும் பார்க்கப்பட்டவரும்: இப்னு பதூதாவின் தீவுப் பக்கங்கள்

மீலாது மேடைகளிலும் பள்ளிப் பிள்ளைகளின் வினாடி வினாக்களிலும் இப்னு பதூதாவின் பெயர் தவறாமல் இடம்பெறுகிறது. ஹிஜ்ரி 703இல் (கி.பி. 1304) மொராக்கோவின் தன்ஜா நகரில் பிறந்தார், 21 வயதில் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டார், ஏறத்தாழ 30 ஆண்டுகள் உலகைச் சுற்றினார், மார்க்கோ போலோவைக் காட்டிலும் நெடுந்தொலைவு சென்றார். இவ்வளவோடு பேச்சு முடிந்து கைதட்டல் எழும். அவருடைய நூலைத் திறந்து படித்தவர்கள் நம்மில் சிலரே. அச்சிலரும் துக்ளக்கின் டில்லி தர்பாரையும் மதுரை ஸுல்தான்களையும் ஆர்வத்தோடு படித்துவிட்டு, மாலத்தீவைப் பற்றிய பக்கங்களை விரைந்து புரட்டிவிடுவதைக் கண்டிருக்கிறேன். அப்பக்கங்களில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தச் சங்கடத்திலேதான் அந்நூலின் உயிரும் இருக்கிறது என்பது என் கருத்து.

இதைப் பற்றி இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தீவுப் பயணம் இன்று நம் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஆரணியின் பட்டு வணிகர் வீடுகளில்கூட, முன்பு ஏர்வாடிக்கும் நாகூருக்கும் போய்வந்தவர்கள் மாலத்தீவு, லட்சத்தீவு, அந்தமான் என்று பேசுகிறார்கள். லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு ‘சமுத்திரம்’ என்ற பெயரில் ஐந்து நாள் கப்பல் பயணம் ஒன்றை நடத்திவந்திருக்கிறது. கொச்சியிலிருந்து ‘எம்.வி. கவரத்தி’ கப்பலில் ஏறினால் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் ஆகிய மூன்று தீவுகள். பகலில் கரையிறங்கி நீராடல், கண்ணாடி அடித்தளப் படகு, மதிய உணவு. இரவில் மறுபடியும் கப்பலுக்கே திரும்பிவிட வேண்டும். 2021 முதல் தனியார் சொகுசுக் கப்பல்களும் அக்கடலுக்கு வந்தன. 2024 ஜனவரியில் பிரதமர் அங்கு சென்று வந்த பிறகு ஆர்வம் பன்மடங்கு பெருகிற்று. மொத்தம் 32 சதுர கிலோமீட்டர் நிலம், மக்கள் வாழும் தீவுகள் 10, 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 64,473 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஒரு சிற்றூரின் பரப்பில் பல்லாயிரம் விருந்தாளிகள் வந்திறங்கினால் என்னாகும் என்பது ஒரு கேள்வி. வந்தவர் யாரைப் பார்த்துத் திரும்பினார் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விதான் இங்கே நம் பொருள்.

தமிழ் வாசகனுக்குத் தீவு என்றதும் நினைவுக்கு வருவது ‘கன்னித்தீவு’. 1960 முதல் தினத்தந்தியில் வெளிவரும் அச்சித்திரத் தொடரின் நாயகன் ஸிந்துபாத், நம் அரபுக் கதைமரபிலிருந்து புறப்பட்டு வந்தவன் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த மரபுக்கு அரபியில் ‘அஜாயிப்’ என்று பெயர். வியப்புகள் என்று பொருள். ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) தொகுக்கப்பட்ட ‘அக்பாருஸ் ஸீன் வல்ஹிந்த்’ என்னும் நூலும், பத்தாம் நூற்றாண்டில் புஸுர்க் இப்னு ஷஹ்ரியார் எழுதிய ‘அஜாயிபுல் ஹிந்த்’ என்னும் நூலும் கடலோடிகள் வாய்மொழியாகக் கொணர்ந்த செய்திகளைத் திரட்டியவை. முதல் நூலில் லங்கபாலூஸ் என்ற தீவுக்கூட்டம் வருகிறது. அது நிக்கோபார் என்பது ஆய்வாளர் முடிவு. ஆடையற்ற மக்கள் சிறு ஓடங்களில் வந்து தேங்காயும் அம்பரும் கொடுத்து இரும்பு வாங்கிச் செல்கின்றனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாததால் எல்லாம் கைச்சாடையில் நடக்கிறது. இச்செய்தியில் மிகை ஏதும் தெரியவில்லை. வாங்குவோரும் விற்போருமாக இருசாராரும் அங்கே நேருக்கு நேர் நிற்கின்றனர்.

அதற்கப்பால் அந்தமான் வருகிறது. அங்கே எவரும் இறங்கிப் பேசவில்லை. உடனே அம்மக்கள் மனிதரைத் தின்பவர்கள் ஆகிவிடுகின்றனர்! மானிடவியலார் பின்னாளில் எவ்வளவு தேடியும் இதற்குச் சான்று கிடைக்கவில்லை. கரையிறங்காதவன் கண்ட காட்சி அது. ஆனால் அச்சொல் நூலிலிருந்து நூலுக்குத் தாவி ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்தது. நம் முன்னோர் எழுதியதென்பதற்காக அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. அக்பாரின் அதே ஏட்டில் நிக்கோபாரியர் மனிதர்களாகவும் அந்தமானியர் பூதங்களாகவும் நிற்பதற்குக் காரணம், ஓரிடத்தில் பண்டமாற்று நடந்தது, மற்றோரிடத்தில் நடக்கவில்லை என்பதுதான்.

அந்தப் பழைய பார்வை ஒழிந்துவிட்டதா? தெற்கு அந்தமானில் ஜாரவாக்களின் காப்புக்காட்டை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையை மூடுமாறு உச்சநீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012இல் பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்று வெளியிட்ட ஒளிப்படக் காட்சியில், உணவுக்காக ஜாரவாப் பெண்கள் சுற்றுலாப் பயணிகளின் முன் ஆடவைக்கப்பட்டதை உலகம் கண்டது. ஒன்பதாம் நூற்றாண்டின் கடலோடி அஞ்சி விலகிப் போனான். இவர்கள் வண்டியை மெதுவாக்கி ரொட்டியை நீட்டினார்கள். இரண்டில் எது இழிவு என்று கேட்டால், கடலோடியின் பக்கமே நான் நிற்பேன்.

இனி ரிஹ்லாவுக்கு வருவோம். இப்னு பதூதா சொல்லச் சொல்ல, அந்தலூஸிய அறிஞர் இப்னு ஜுஸைய் எழுதி, ஹிஜ்ரி 756இல் (கி.பி. 1355) நிறைவெய்திய நூல் இது. முழுப்பெயர் ‘துஹ்ஃபதுந் நுழ்ழார் ஃபீ கராயிபில் அம்ஸார் வஅஜாயிபில் அஸ்ஃபார்’. நகரங்களின் புதுமைகளையும் பயணங்களின் வியப்புகளையும் நோக்குவோருக்கான அன்பளிப்பு என்று கொள்ளலாம். ‘நுழ்ழார்’ என்றால் நோக்குவோர். பெயரிலேயே பார்வையாளர் அமர்ந்துவிட்டார். பார்க்கப்படுபவருக்குப் பெயரில் இடமில்லை. இந்தப் பெயரை நம்பி நூலைத் திறப்பவர் மாலத்தீவுப் பகுதிக்கு வந்ததும் திகைக்கிறார். ஏனெனில் அங்கே நோக்கவந்தவரைத் தீவார் நோக்கத் தொடங்குகிறார்கள்.

கள்ளிக்கோட்டையிலிருந்து அவர் மாலத்தீவு சென்றது 1343ஆம் ஆண்டின் இறுதி. ஆட்சியில் இருந்தவர் ஒரு பெண்: ஸுல்தானா கதீஜா. அவருடைய கணவர் ஜமாலுத்தீன் வஸீர். டில்லியில் காழியாக இருந்தவர் என்பது தெரிந்தால் பிடித்து வைத்துக்கொள்வார்களே என்று அஞ்சித் தம்மை மறைக்கப் பார்த்தார் இப்னு பதூதா. முடியவில்லை. அடையாளம் தெரிந்துவிட்டது, பரிசும் பெண்ணும் பதவியும் தந்து இருத்திக்கொண்டார்கள். ஒன்றரை ஆண்டு தங்கியதாக அவரே சொல்கிறார். காலக்கணக்கு பார்க்கும் ஆய்வாளர்கள் அதைக் குறைப்பார்கள்.

அவர் தருகின்ற செய்திகளின் செறிவு வியக்கத்தக்கது. தீவுகள் ஏறத்தாழ இரண்டாயிரம் என்கிறார். (முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் அவற்றைப் பன்னீராயிரம் ஆக்கும், வென்றவன் கணக்குக்கும் தங்கியவன் கணக்குக்கும் வேறுபாடு இருப்பது இயல்பே.) வட்டவட்டமாகக் கிடக்கும் தீவுகளுக்கிடையே வாயில் போன்ற வழிகள் உண்டு, உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கப்பல் நுழைய இயலாது. சோழியே நாணயம், நான்கு லட்சம் சோழிக்கு ஒரு பொன் தீனார், சிலபோது அதைவிடவும் மலிந்து போகும், வங்காளத்தார் அரிசி கொடுத்து அதை வாங்கிச் செல்வர். தென்னை நாரை ஊறவைத்து அடித்துத் திரித்த கயிறு இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் போகும். அக்கயிற்றால்தான் கப்பற் பலகைகளைத் தைப்பார்கள். இவருக்கு மூன்று நூற்றாண்டு முன்னரே அல்பிரூனி இத்தீவுகளைச் சோழித் தீவுகள், கயிற்றுத் தீவுகள் என்று இருகூறாகப் பிரித்திருக்கிறார். அவித்துப் புகையூட்டி உலர்த்திய மீனுக்கு இப்னு பதூதா தரும் பெயர் ‘குல்புல் மாஸ்’. காயல்பட்டினத்துச் சமையலறையில் இன்றும் மணக்கும் மாசிதான் அது! மாஸ் என்றால் அவர்கள் மொழியில் மீன். அதே மொழி பேசும் மினிக்காயிலும் அதே மாசி. சமுத்திரப் பயணத்தில் மினிக்காய் இறங்கும் தமிழ்நாட்டுப் பயணி எத்தனை பேருக்கு, தன் வீட்டுச் சம்பலின் ஊரில் நிற்கிறோம் என்று தெரியும்?

இங்கொரு குறிப்பு. தீவார் இஸ்லாத்தைத் தழுவிய கதையில், கடலிலிருந்து விளக்குகள் நிறைந்த மரக்கலம்போல் ஒரு பூதம் வருவதும், குர்ஆன் ஓதிய மக்ரிபி ஒருவர் அதை விரட்டுவதும் வருகின்றன. அவர் பெயரை அபுல் பரகாத் யூஸுஃப் அல்பர்பரீ என்கிறார் இப்னு பதூதா; மாலத்தீவின் பின்னாளைய வரலாற்றேடு தப்ரீஸைச் சேர்ந்தவர் என்கிறது. புள்ளியிடாத பழைய எழுத்தில் ‘பர்பரீ’, ‘தப்ரீஸீ’ இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவம் என்பது அரபு எழுத்தணியை அறிந்தவர்க்குத் தெரியும். கல்வெட்டைப் படித்தவர் மக்ரிபி. தம் நாட்டாரைக் கண்டார். பாரசீகத்தை மதித்தவர் பாரசீகரைக் கண்டார். பார்ப்பவன் கொண்டுவந்ததே பார்வையில் படுகிறது என்பதற்கு இதைவிடச் சிறிய சான்று கிடைப்பது அரிது.

காழியானதும் இப்னு பதூதாவின் நடை மாறுகிறது. ஜும்ஆவுக்கு வராதவர்களை அடிக்கச் செய்தார். மணவிலக்குப் பெற்ற பெண்கள் மறுமணம் வரை முன்னாள் கணவன் வீட்டிலேயே இருக்கும் வழக்கத்தை ஒழிக்க, சுமார் 25 ஆடவரைத் தண்டித்துக் கடைவீதியில் சுற்றி வரவைத்தார். திருடன் ஒருவனின் கையை வெட்ட ஆணையிட்டபோது அவையில் இருந்தவர்களில் சிலர் மயங்கி விழுந்தனர். பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடையின்றி நடமாடுவதைத் தடுக்க முயன்றார், இயலவில்லை. வழக்கு மன்றத்துக்கு வருவோர் மட்டும் மூடிக்கொண்டு வரவேண்டும் என்ற அளவில் அவர் அதிகாரம் நின்றுவிட்டது. தம் வீட்டு அடிமைப் பெண்களுக்கு டில்லி ஆடை அணிவித்ததையும், பழக்கமில்லாததால் அது அவர்களுக்கு அழகு சேர்க்கவில்லை என்பதையும் அவரே சொல்கிறார்.

நம்மவர் சங்கடப்படும் இடம் இதுதான். சிலர் இதில் மார்க்கப் பற்றைக் கண்டு மகிழ்வர். வேறு சிலர், இக்காலத்து வாசகர் முன் இதை எடுக்கலாமா என்று தயங்குவர். இருதரப்பாரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. அத்தீவார் இரு நூற்றாண்டாக முஸ்லிம்கள். அவர்களுடைய தொழுகை, தூய்மை, தெருக்களைப் பெருக்கி வைத்திருக்கும் பாங்கு, பகைவரோடு பிரார்த்தனையால் போராடும் சாதுத்தன்மை அனைத்தையும் இப்னு பதூதாவே மனமாரப் புகழ்கிறார். அவர்கள் மார்க்கத்தை ஏற்றுக்கொண்டு வழக்கத்தை வைத்துக்கொண்டவர்கள். உர்ஃபு என்று ஃபிக்ஹு நூல்கள் பேசும் பொருள் இங்கே கண்முன் உயிரோடு நிற்கிறது. மினிக்காயிலும் ஏனைய லட்சத்தீவுகளிலும் தாய்வழிச் சொத்துரிமை முஸ்லிம் குடும்பங்களில் தொடர்ந்து வந்திருப்பதும் இந்த வகையே. வந்த காழி மாலிகி மத்ஹபின் ஏடுகளோடு வந்தார். தீவோ தன் கடலின் நியாயத்தோடு இருந்தது. மோதலில் காழி தோற்றார். தோற்றதை மறைக்காமல் சொன்னார். விமர்சகன் என்ற முறையில் நான் அவருக்குத் தரும் மதிப்பு, அவர் நடந்த மைல்களுக்கல்ல. இந்தத் தோல்வியை இப்னு ஜுஸைய்யின் எழுதுகோலுக்குக் கொடுத்ததற்கு.

அவர் செய்தவற்றில் மன்னிக்க இயலாதது ஒன்று உண்டு. அதையும் அவரே சொல்கிறார். வஸீரோடு மனம் முறிந்து வெளியேறி, இலங்கை வழியாக மஅபருக்கு வந்தவர், மதுரை ஸுல்தான் கியாஸுத்தீனிடம் மாலத்தீவின் மேல் படையனுப்பும் யோசனையை வளர்த்தார். இருவரும் ஷரீஃப் ஜலாலுத்தீன் அஹ்ஸனின் பெண்மக்களை மணந்தவர்கள். அவர்கள் சந்தித்த பாசறை இருந்த இடத்தை நூல் ‘ஹர்காத்து’ என்கிறது. ஆர்க்காடு என்று கொண்டவர்கள் உண்டு. தொலைவைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. ஆர்க்காடுதான் என்றால் ஆரணிக்கு அருகில் ஒரு கூடாரத்தில், உண்ட வீட்டைக் கொள்ளையிடும் திட்டம் பேசப்பட்டிருக்கிறது. கப்பற்படைத் தலைவர் மூன்று மாதத்துக்கு அத்தீவுகளுக்குக் கடற்பயணம் கூடாது என்றார். அதற்குள் ஸுல்தான் இறந்தார். அந்த ஸுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை இப்னு பதூதா கடுமையாகக் கண்டிக்கிறார். அதனாலேயே அல்லாஹ் அவனுக்கு விரைந்து முடிவு தந்தான் என்கிறார். ஆனால் அதே மனிதனின் படையைத்தான் கதீஜாவின் தீவுகளுக்கு அழைத்துச் செல்ல இருந்தார். இந்த முரண் அவர் கண்ணில் படவில்லை.

இடையிலுள்ள இலங்கைப் பகுதி எளியது, இனியது. ஆதம் மலை ஏற்றம், பாறைகளில் தொங்கும் சங்கிலிகள், குரங்குக் கூட்டத்தின் தலைவன் இலைகளால் தலைப்பாகை கட்டியிருக்கும் கதை, எல்லாம் அஜாயிப் மரபு. ஆனால் மரத்திலிருந்தும் புல்லிலிருந்தும் தாவும் அட்டைக்கு எலுமிச்சம் பழத்தைப் பிழிய வேண்டும் என்பதை அம்மலையில் நடந்தவன்தான் எழுத முடியும். இந்த ஒரு பழம் நூறு யானைக் கதைகளுக்கு ஈடு.

இன்றைய பயணி அவர் காணாத ஒன்றைக் காண்கிறான். நீருக்கடியிலுள்ள பவளப்பாறை இப்னு பதூதாவுக்குத் தெரியாத உலகம். கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்தால் போதும், கிளி மீனும் ஆமையும் தெரியும். 1998இலும், 2010, 2016இலும், மீண்டும் 2024இலும் கடல் சூடேறி லட்சத்தீவின் பவளங்கள் வெளுத்தன என்பதை வழிகாட்டியிடம் கேட்டால் சொல்வார். கவரத்திக்கு வடமேற்கில் பிட்டி என்ற சிறு மணல்திட்டு உண்டு. அங்கு மனிதர் வாழ்வதில்லை, ஆலாப் பறவைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றன. இவையெல்லாம் காணத்தக்கவையே. அவன் குனிந்திருக்கும்போது அவனுக்குப் பின்னால் கரையில் நிற்கும் மனிதர்தான் அவன் காட்சிக்குள் வராதவர்.

மாலத்தீவில் இதை ஒரு கொள்கையாகவே வகுத்தார்கள். 1972இல் முதல் உல்லாச விடுதி திறக்கப்பட்டது முதல், ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறை வேர்விட்டது. மக்கள் வாழாத தீவுகளில் வெளிநாட்டார், மதுவும் நீச்சலுடையும் அங்கே. பள்ளிவாசலும் மத்ரஸாவும் உள்ள தீவுகளில் உள்ளூரார். 2009ஐ ஒட்டித்தான் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்கு அனுமதி கிடைத்தது. இந்தப் பிரிப்பில் ஒரு காப்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. காழி இப்னு பதூதாவைப் போல எவரும் வந்து தலையிடுவதில்லை. ஆயினும் இந்த ஏற்பாட்டில் வந்தவர் தீவைப் பார்த்தார் என்று எப்படிச் சொல்வது? வந்தவரும் மாறவில்லை, இருந்தவரும் பேசவில்லை. ‘கன்னிமை மாறாத’, ‘பூலோக சொர்க்கம்’ என்ற விளம்பரச் சொற்களில் மக்களே இல்லாத தீவுதான் தெரிகிறது. ஆளில்லாத சொர்க்கம் நம் நூல்கள் அறியாத ஒன்று.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம், மனிதர் கிளைகளாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டதன் நோக்கத்தைச் சொல்லுமிடத்தில் அறிதலைக் குறிக்கும் சொல், ‘தஃபாஉல்’ என்ற வாய்பாட்டில் அமைந்தது. ஸர்ஃபு பாடத்தின் தொடக்க வகுப்பிலேயே மாணவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவோம்: இந்த வாய்பாடு பெரும்பாலும் இருதரப்புச் செயலைக் குறிக்கும். ஒருவன் மற்றவனை அறிவது இதில் அடங்காது. ஒருவரை ஒருவர் அறிய வேண்டும். ‘நழர்’ என்ற மூன்றெழுத்து வினைக்கோ ஒருவன் போதும். ரிஹ்லாவின் பெயர் நழரில் தொடங்குகிறது. மாலத்தீவுப் பகுதி, ஆசிரியரின் விருப்பத்துக்கு மாறாகவே, தஆருஃபுக்குள் இழுக்கப்பட்டுவிடுகிறது. ஆரணியில் தறி பார்க்க வருவோரிடமும் இதைக் காணலாம். வந்தவர் குழித்தறியையும் நாடா ஓடுவதையும் கைப்பேசியில் பதிந்துகொண்டு போய்விடுகிறார். நெசவாளரோ, “எந்த ஊருங்க, எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டுவிடுகிறார். இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொன்னவர்தான் ஊரைப் பார்த்தவர். சேலைக்குக் கூலி எவ்வளவு என்று திருப்பிக் கேட்கும் வாய்ப்பு அவருக்குத்தான் கிடைக்கும்.

இப்னு பதூதா ஊர் திரும்பிச் சொன்னவற்றை ஃபாஸ் நகரத்தார் பலர் நம்பவில்லை. இப்னு கல்தூன் முகத்திமாவில் இதைக் குறிப்பிடுகிறார். தாமும் ஐயுற்று வஸீர் ஒருவரிடம் சென்றபோது, வஸீர் ஒரு கதை சொன்னாராம். சிறையில் வளர்ந்த சிறுவன் ஒருவன், உண்ணும் இறைச்சி எதனுடையது என்று தந்தையிடம் கேட்கிறான். ஆடு என்று விளக்கினால், எலியைப் போன்றதா என்கிறான்; அவன் கண்ட விலங்கு எலி மட்டுமே. தெரியாததைப் பொய் என்று தள்ளாதே என்பதற்காக வஸீர் சொன்ன கதை இது. எனக்கோ இக்கதை பயணிகளைப் பற்றியதாகவும் படுகிறது. சிறையைத் தோளில் சுமந்துகொண்டே கப்பலேறிவிட்டால், ஏழு கடல் தாண்டியும் காண்பது எலிதான். இப்னு பதூதா அப்படியொரு சிறையோடுதான் மாலே துறையில் இறங்கினார். டில்லியின் ஆடையும் தன்ஜாவின் ஃபிக்ஹும் அதன் சுவர்கள். அச்சுவரில் தீவார் சில கற்களைப் பெயர்த்தார்கள்.

அதன் தடயம் நூலில் ஓரிடத்தில் இருக்கிறது. படையெடுப்புத் திட்டம் கலைந்து, மலபார்க் கடலில் கொள்ளையரிடம் உடுத்த துணி நீங்கலாக அனைத்தையும் இழந்த பின், அவர் இரண்டாம் முறை மாலத்தீவு செல்கிறார். அவர் விட்டுச் சென்ற மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. இப்போது இரண்டு வயது. மகனை அழைத்துச் செல்லவே வந்தார். தாய் வஸீரிடம் முறையிட்டாள். வஸீர், நான் தடுக்கமாட்டேன் என்று விட்டுவிட்டார். அதாவது சட்டமும் ஆட்சியும் இப்போது அவர் பக்கம். பிள்ளையைக் கொணர்ந்து அவர் முன் நிறுத்தினார்கள். அவனைப் பார்த்தார். அவர்களோடு இருப்பதே அவனுக்கு நல்லது என்று தோன்றிற்று, திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்து நாள் தங்கி வங்காளத்துக்குக் கப்பலேறினார். கூட்டங்களையும் தர்பார்களையும் பக்கம் பக்கமாக விவரிக்கும் அந்த நூலில் இதற்கு ஒதுக்கப்பட்டவை சில வரிகள்தான். பிள்ளையின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை.